கிதாரைத் துரத்திய இரைச்சல்

வானொலி நிலையத்திலிருந்து வந்த பதிலைப் பார்த்ததும் அக்கா துள்ளிக் குதித்தாள். கடைசி வரியைப் படித்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளே அமைத்த கிதார் இசை நன்றாக இருக்கிறதாம். சனிக்கிழமை இளையோர் நேரத்தில் ஒலிபரப்புவார்களாம். ஆனால் பின்னால் ஓர் இரைச்சலும் பதிவாகியிருக்கிறது. அது இல்லாமல் மறுபடி வாசித்து, இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அப்போது மணி மூன்றரை.

தங்கைக்கு வயது பத்து. வீட்டில் எல்லோரும் அவளை 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டாள். கிதார் இனிமையாகத்தான் ஒலித்தது. ஆனால் ஜாடிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி, கூடவே 'ஙொய்' என்று ஒரு சத்தம்.

மின் கிதாரையும் மடிக்கணினியையும் ஒரு சின்னப் பெட்டி இணைத்தது. பலர் கைமாறி வந்த பழைய பெட்டி. கோளாறு அதில்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். புதிது வாங்க வழியில்லை.

"எல்லாம் போச்சு. இதக் கொஞ்சம் பிடி, முகம் கழுவிட்டு வரேன்" என்று கிதாரைத் தங்கையின் தோளில் மாட்டிவிட்டுப் போனாள்.

கிதார் வாண்டுவின் முழங்காலைத் தொட்டது. ஹெட்போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. பதிவு ஓடி முடிந்த பிறகும், யாரும் வாசிக்காத கிதாரிலிருந்து அந்த ஙொய் வந்துகொண்டேயிருந்தது. எதிர்வீட்டு மதில்மேல் ஒரு பூனை நடந்து போனது. அதைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஙொய் சத்தம் சட்டென்று சின்னதாகிப் போனது.

ஒயர் கழன்றுவிட்டதோ என்று பயந்து பழையபடி திரும்பினாள். ஙொய். ஜன்னல் பக்கம் திரும்பினாள். சத்தம் பாதிகூட இல்லை.

அக்கா வந்தபோது வாண்டு அறை நடுவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெட்டி மேல தப்பு இல்ல. அது வெச்ச இடத்துலயேதான் இருக்கு. நான் திரும்பினா மட்டும் சத்தம் குறையுது."

அக்கா ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு தானும் சுற்றிப் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்தான் கம்பியின் அதிர்வைப் பிடித்து அனுப்புகிறது. பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் முணுமுணுப்பையும் அதுவே பிடித்துவிடுகிறது போலும்.

அப்புறம் வேட்டை தொடங்கியது. அக்கா கேட்பாள், வாண்டு ஒவ்வொன்றாக அணைப்பாள். டியூப் லைட்டை அணைத்ததும் ஙொய் இளைத்துப் போனது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் கூடவே வந்த 'கீ' சத்தம் மறைந்தது. அக்காவின் கைப்பேசி சமையலறைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அக்கா கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட, வாண்டுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் போகவில்லை. 'ட்ர்ர்... ட்ர்ர்...' என்று விட்டுவிட்டு வந்தது.

இருவரும் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் மோட்டார் தையல் மெஷின். அம்மா காலை எடுத்தால் சத்தம் நின்றது, அழுத்தினால் வந்தது. ஆறு மணிக்குள் இருபது பள்ளிச் சட்டைகளைக் கொடுத்தாக வேண்டும். அம்மா காலையிலிருந்து நிமிரவேயில்லை. நிறுத்தச் சொல்ல மனம் வராமல் அக்கா திரும்பி நடந்தாள்.

வாண்டு போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் தைத்து முடித்த சட்டைகள் குவிந்திருந்தன. ஒன்றிலும் பட்டன் இல்லை.

"அம்மா, பட்டன் வேலைய இப்பவே செஞ்சா என்ன? அதுக்கு மெஷின் வேண்டாமே. நான் ஊசி கோத்துத் தரேன்."

அம்மா குவியலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "எப்படியும் கையால தைக்க வேண்டியதுதான். எப்ப தைச்சா என்ன?" என்று மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

சார்ஜர் இல்லாத மடிக்கணினியில் இருபது சதவீதம்தான் மிச்சம். முதல் முறை அக்காவின் விரல் தவறியது. இரண்டாவது முறை அவசரத்தில் தாளம் ஓடியது. மூன்றாவது முறை, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

சரியாக அப்போதுதான், ஊசிகளைக் கோத்துக் கொடுத்துவிட்டு வந்து நின்ற வாண்டுவுக்குத் தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கடைசி சுரம் ஓயும்வரை அடக்கினாள். பிறகு வீடே அதிரத் தும்மினாள்.

"அடி அசடே, கிதார் ஒயர் வழியா நேரா உள்ள போகுது. நடுவுல மைக்கே கிடையாது. நீ தாராளமா தும்மியிருக்கலாம்" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, கழுவித் துடைத்ததுபோல் ஒலித்தது. மடிக்கணினி அணைவதற்கு முன் சார்ஜரை மாட்டி, நாலே முக்காலுக்கு அனுப்பினார்கள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆறு மணிக்குச் சட்டைகளும் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை காலை அந்த இசை வானொலியில் வந்தபோது மூவரும் அசையாமல் நின்று கேட்டார்கள். முடிந்த பத்தாவது நிமிடம், இரைச்சலை வாண்டு பிடித்த கதையை அக்கா சொல்லிக் கேட்டிருந்த தோழி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் வீட்டிலும் கிதார் இரைகிறதாம், வாண்டுவைக் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

அக்கா பதில் சொல்வதற்குள் வாண்டு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றாள்.