கம்பிக்கு அந்தப் பக்கம்

மழை விட்டு ஒரு வாரமாகிவிட்டது. ஆனாலும் கூடத்தில் நனைந்த நாயின் வாடை அடித்தது. காலையில் பினாயில் ஊற்றித் துடைத்தான். மத்தியானம் கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து மறுபடியும் துடைத்தான். ஜன்னல் திரைகளைக் கழற்றி ஊறப்போட்டான். பினாயில் நெடிக்கு அடியில் ஈரமும் ரோமமும் கொஞ்சம் இரும்பும் கலந்த அந்த வாடை நகராமல் உட்கார்ந்திருந்தது. மனைவி ஊரிலிருந்து வரும் நேரம். அவளுடைய மூக்கோ பொல்லாத மூக்கு.

வாலு அவள் வளர்த்த நாய். கண் திறக்காத குட்டியாகக் கிடைத்ததைச் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுப் பிழைக்கவைத்தாள். "எங்களுக்குப் பிள்ளை இல்லன்னு யாரு சொன்னா, நாலு காலோட ஒண்ணு இருக்கே" என்பாள். அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகக் கிளம்பியபோது, "அவனைப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு வாத்தியாரின் செருப்பை, அதுவும் இடது கால் செருப்பை மட்டும், வாலு கவ்விக்கொண்டு வந்த பிறகுதான் அந்த வேலி வந்தது. வேலி என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பி, வாசல் கதவை ஒட்டிய சுவரில் பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டி, நாயின் கழுத்தில் ஒரு பட்டை. கம்பியை நெருங்கினால் பட்டை 'கீ' என்று எச்சரிக்கும். மீறினால் கழுத்தில் ஷாக் அடிக்கும். "சின்னதா ஒரு சுருக், அவ்வளவுதான். ரொம்ப ஏத்திடாதீங்க" என்று விற்றவர் சொன்னார். அவள் கிளம்பிய மறுநாளே அந்தச் சுருக்கையும் மீறி இன்னொரு செருப்பு வந்தது. வாசலில் நின்று வாத்தியார் பேசிய பேச்சில் மானம் கப்பலேறியது. அவன் பெட்டியின் திருகைக் கடைசிவரை திருப்பிவைத்தான்.

அந்த மழை இரவில் பூனை ஒன்றைத் துரத்திக்கொண்டு வாலு கம்பியைத் தாண்டியது. போகிற வேகத்தில் வலி உறைத்திருக்காது. திரும்பி வரும்போதுதான் உறைத்தது. வெளியே போகிற நாய்க்கும் வீடு திரும்புகிற நாய்க்கும் கம்பி வித்தியாசம் பார்ப்பதில்லை. ஓர் அடி எடுத்துவைக்கும், கத்தும், பின்வாங்கும், அழும். அவன் போர்வைக்குள் படுத்தபடி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினால் போதும். கிடக்கட்டும், புத்தி வரட்டும் என்று நினைத்தான். திரும்பிப் படுத்துத் தூங்கியும் போனான். அந்தத் தூக்கத்தைத்தான் இப்போது அவனால் மன்னிக்க முடியவில்லை.

விடிந்தபோது அது சாலையில் கிடந்தது. ஏதோ லாரி. எதிரேயிருந்த காலி மனையில் குழி வெட்டிப் புதைத்தான். கழுத்தைத் தொடக் கை வராததால் பட்டையோடு புதைத்தான். அவளிடம் போனில் "ஓடிப்போச்சு" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. "வந்துடும், அது எங்க போகப்போகுது" என்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் தோட்டத்துக்கு அப்பால் 'கீ' என்றது. வண்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த நாளும் கேட்டது, சற்றே இடம் மாறி. அதற்கடுத்த நாள் கொல்லைப்பக்கம். உள்ளே வர எங்காவது வழி இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றித் தேடுகிறாற்போல. அதற்குப் பிறகு அவன் பெட்டியை அணைக்கவேயில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முதலில் பச்சை விளக்கைத்தான் பார்த்தான்.

இருட்டத் தொடங்கும்போது அவள் வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டு, அக்காவின் குழந்தை அழுத அழுகையைச் சொல்லிச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள்.

"கேக்குதா?"

அவனுக்கும் கேட்டது. இத்தனை நாள் இல்லாத அழுகை. மெல்லிய, இழுத்த, தொண்டைக்குள்ளேயே உடைகிற அழுகை.

"எதிர் வீட்டு நாயா இருக்கும்."

"என் பிள்ளை சத்தம் எனக்குத் தெரியாதா?" எழுந்தவளின் கண் சுவரில் நின்றது. "இது ஏன் எரியுது? நாயே இல்லாத வீட்டுக்கு வேலி எதுக்கு?"

"மறந்துட்டேன்."

"இதைப் போட்டு வச்சா அது எப்படிங்க உள்ள வரும்? பாவம், இத்தனை நாளா வெளிய நின்னு அழுதிருக்கும். உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அவள் கை சுவிட்சுக்குப் போயிற்று. புதைச்சுட்டேன். ஒரு சொல்தான். சொன்னால் அவள் கை நின்றுவிடும். ஆனால் எப்படிச் செத்தது என்று கேட்பாள். அன்றிரவு நீங்க எங்கே இருந்தீங்க என்று கேட்பாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

அழுகை நின்றது. பிறகு நகங்கள். சிமெண்டுப் பாதையில். மெதுவாக. மூன்று கால்கள் ஊன்றும் ஓசை, ஒன்று இழுபடும் ஓசை. படி. அடுத்த படி.

அவள் கதவைத் திறந்து மண்டியிட்டாள். முதுகு அவன் பக்கம் இருந்தது. "வாடா கண்ணு. வாடா." அவள் தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது. அவள் கைகள் அதன் முதுகைத் தடவின. "உடம்பெல்லாம் மண்ணு. எங்கடா போய்ப் புரண்ட?"

தலையில் ஒரு பக்கம் இல்லை. மறுபக்கத்துக் கண் கூடத்தில் அவனைத் தேடியது. கண்டுபிடித்தது. வால் ஆடியது. ஆட ஆட ஈர மண் தரையில் உதிர்ந்தது. கடிக்க வந்திருந்தால் அவன் கையை நீட்டியிருப்பான். அது அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது.

அவள் பிடியிலிருந்து நழுவி அவனிடம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஒரு காலை முன்னால் வைத்தது. கம்பியை மிதித்தாற்போலக் கழுத்து வெட்டிக்கொண்டது. பின்வாங்கியது. மறுபடியும் வைத்தது. வெட்டிக்கொண்டது. வால் நிற்கவேயில்லை.

"ஏங்க, உங்ககிட்ட வர்றதுக்கு ஏன் இப்படி நடுங்குது?"

அவள் வாசற்படியிலேயே மண்டியிட்டபடி, கூடத்து வெளிச்சத்தில் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மண்ணோடு ரோமமும், ரோமத்தோடு தோலும் கொத்தாக வந்து ஒட்டியிருந்தன. வாலு இன்னொரு முறை காலை முன்னால் வைத்தது.