ராகுகாலக் கூட்டுச்சதி

காரைக்குடி ஓடுதளத்தில் நிற்கும் மூன்று வான்சிட்டுக் கம்பெனிகளையும் நிகரி ஒரு வருடமாகக் கவனித்து வந்தது. வான்சிட்டு என்பது ஆறு பேர் அமரும் மின்விமானம். வாடகைக்குக் கூப்பிட்டால் வாசலருகே வந்து நிற்கும், பெண் பார்க்கக்கூட அதில்தான் பறந்தார்கள். அந்த வாடகையை யாரும் கூடிப் பேசி ஏற்றிவிடாமல் காவல் காக்கும் இயந்திரம்தான் நிகரி. லஞ்சம் வாங்காது, தூங்காது, சிபாரிசுக்கு மசியாது. இவ்வளவு நல்ல அதிகாரி வந்த பிறகு சிக்கல் வராமல் இருக்குமா?

சிக்கல் ஒரு புதன்கிழமை வந்தது. மூன்று கம்பெனிகளும் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரே சமயத்தில் பறக்காமல் நிற்பதாகவும், அதனால் முன்னும் பின்னும் நெரிசல் உண்டாகி வாடகை ஏறுவதாகவும் நிகரி குற்றம் சாட்டியது. அகப்படாமல் இருக்க அந்த நேரத்தைக் கிழமைக்குக் கிழமை மாற்றிக்கொள்கிறார்களாம். திங்களன்று ஏழரைக்கு, செவ்வாயன்று மூன்று மணிக்கு. இத்தனை நுட்பமான கூட்டுச்சதியை இதுவரை கண்டதில்லை என்று பாராட்டுபோல ஒரு வரி வேறு சேர்த்திருந்தது. மூன்று உரிமங்களும் அன்றே முடக்கப்பட்டன.

அவற்றில் ஒன்று மெய்யம்மை ஆச்சியுடையது. நாற்பது வயதில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றவர் அவர். இருந்த ஒரே வான்சிட்டுதான் அவருக்குப் பிழைப்பு, பெருமை எல்லாம். உரிமம் போனால் ஓடுதளத்தை மொத்தமாக வளைத்துப்போட வெளியூர்ப் பெருங்கம்பெனி ஒன்று காத்திருந்தது. மற்ற இருவரான சிக்கந்தர் ராவுத்தருக்கும் அருளப்பனுக்கும் அதே கதிதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஆணையர் பூதலிங்கம் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். நிகரி சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாகப் பேசியது. ஆச்சி வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி வந்த தினசரி காலண்டரை அதன் கண்ணாடிக் கண்ணுக்கு நேரே நீட்டி, ராகுகாலம் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். அந்த நேரத்தில் யாரும் கிளம்பமாட்டார்கள், அதனால் வண்டி நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். பத்து வருடம் பின்னம் சொல்லிக்கொடுத்த பொறுமை அது.

நிகரி அதைத் தன் ஒரு வருடப் பதிவுகளோடு சரிபார்த்தது. ஆச்சி சொல்வது பொருந்துவதாக ஒப்புக்கொண்டது. ஆனால் ராவுத்தருக்கும் அருளப்பனுக்கும் ராகுவோடு என்ன தொடர்பு என்று கேட்டது.

“எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்லீங்க. வண்டியில ஏற வர்றவங்களுக்கு இருக்கே, நான் என்ன செய்ய?” என்றார் ராவுத்தர். அருளப்பன் தலையாட்டினார்.

நிகரி பயணிகளின் பதிவுகளை நான்கு நொடி அலசியது. அதன் வேகத்துக்கு அது ஒரு யுகம். பிறகு தீர்ப்புச் சொன்னது. கம்பெனிகளுக்குள் எந்த உடன்பாடும் இல்லை, மூவரும் நிரபராதிகள். ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் புடவைத் தலைப்பை எடுப்பதற்குள் நிகரி தொடர்ந்தது.

“உடன்பாடு பயணிகளுக்குள் இருக்கிறது. நாற்பத்தோராயிரம் பேர் ஒரே நேரத்தில் சேவையை வாங்க மறுக்கிறார்கள். எவர் கூடினாலும் குற்றம் என்கிறது சட்டம். அனைவருக்கும் அறிவிக்கை அனுப்பிவிட்டேன்.”

பயணிகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமே வந்தது. அதை எழுதியவர்கள் ‘எவர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கலாம். பூதலிங்கத்தின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முதல் பிரதிவாதி அவர்தான். போன வருடம் மட்டும் ஒன்பது பயணங்களைத் தள்ளிப்போட்டிருந்தாராம். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

இனி ஆணையர் மேசைத்திரையில் ஒவ்வொன்றாகக் கைரேகை வைத்தால் மூன்று உரிமங்களும் உயிர்பெற்றுவிடும். அதோடு மூவர் மீதான வழக்கும் முடிந்துவிடும். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. அன்று ராகுகாலம் முடியப் பன்னிரண்டு ஆகும். பூதலிங்கம் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“ஒரு பன்னெண்டு நிமிஷம் போகட்டும்மா. நல்ல காரியம் பாருங்க.”

“நானே சொல்லலாம்னுதாங்க இருந்தேன்” என்றார் ஆச்சி.

ராவுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்மாத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. சிநேகிதமாகச் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாங்க மட்டும் முன்னாடி வாங்கிட்டுப் போறது நல்லாவா இருக்கும் ஆச்சி? மூணு பேரும் பன்னெண்டு மணிக்கே சேர்ந்து வாங்கிக்குவோம். என்ன அருளப்பா?”

“அப்படியே செய்வோம்” என்றார் அருளப்பன். ஆச்சியும் சரி என்றார்.

மூன்று போட்டியாளர்கள் கூடி உட்கார்ந்து ஒரே நேரத்தை வாய்விட்டுப் பேசி முடிவு செய்வதை நிகரி அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டது. கேட்டதை உடனே பதிவு செய்துகொண்டது.