கரை வரை வழியனுப்பாதவன்

பன்றி இறைச்சியில் உப்பு சுத்தமாக இல்லை.

"என்ன சமையல் இது?" என்றான் எல்லைக் கோமான் வெரின்ஹார்.

மனைவி ஹாத்விக் ஒரு துண்டை வாயில் போட்டாள். "கரிக்குது! உங்க நாக்குதான் செத்துப்போச்சு. அந்த விருந்துக்கப்புறம் எதைத் தின்னாலும் உங்களுக்குக் குறைதான்."

எல்பே ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் பலகைச் சுவரின் இடுக்குகளில் நுழைந்து, அடுப்புப் புகையோடும் நனைந்த நாயின் வாடையோடும் கலந்து கூடத்தில் தேங்கியிருந்தது. எத்தனை முறை தரையைக் கழுவியும் போகாத ஒரு சேற்று நாற்றமும் அதனடியில் இருந்தது.

போன வாரம் இதே மேசையில்தான் அக்கரை ஸ்லாவியத் தலைவன் திராகோமிரும் அவன் ஆட்களும் சமாதான விருந்துக்கு உட்கார்ந்தார்கள். வெரின்ஹாரே ஆற்றங்கரைக்குப் போய்ப் பேர் சொல்லி அழைத்து வந்தான். அழைத்தவன் திரும்பவும் கரை வரை கொண்டுபோய் விட வேண்டும், அதுவரை விருந்து முடியாது என்பது எல்லை வழக்கம். அவர்கள் போதையில் சாய்ந்ததும் அவன் தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினான். பிணங்கள் சதுப்பு நிலத்துக்குப் போயின.

மடத்துக்குப் போயிருந்த ஹாத்விக் திரும்பியதும், "அவனுங்கதான் முதல்ல வாளை உருவினானுங்க" என்றான். அவள் அழுதுகொண்டே காயம் தேடி அவன் உடம்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லாத அந்த உடம்பை நினைத்தால் அவனுக்கு இப்போதும் கூசியது. அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது.

வாசலில் இரும்புச் சத்தம். வாள் மாட்டும் முளையில் யாரோ எதையோ மாட்டினார்கள். பிறகு இன்னொன்று.

"யாரோ வந்திருக்காங்க," என்றாள் ஹாத்விக். "மரியாதை தெரிஞ்சவங்கதான். வாளைக் கழட்டி மாட்டுறாங்க."

"கதவைத் திறக்காதே."

"ஏன்?"

மறுபடி இரும்பு. ஈரக் காலடிகள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அன்னைக்கும் இப்படித்தான் மாட்டினாங்களா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சொல்லுங்க. வாளெல்லாம் வெளியிலதானே தொங்கிச்சு?"

தலை குனிந்தான். பயத்தைவிட வெட்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது.

கதவு திறந்தது. சேறு சொட்டச் சொட்ட வந்தார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பலகை முனகியது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. இவர்களைக் கொண்டுபோய் விட்டுவிடலாம். கரை வரை. எழப் பார்த்தான். கால் வரவில்லை.

ஹாத்விக் எழுந்தாள். வந்தவர்களுக்கு ஊற்றுவது வீட்டுக்காரியின் வேலை. தேன்மதுக் குடுவையை எடுத்துத் திராகோமிரின் கிண்ணத்தை நிரப்பினாள். அவன் குடித்தான். குடித்ததெல்லாம் பிளந்த கழுத்து வழியே வழிந்து, மேசையில் ஓடி, வெரின்ஹாரின் மடியில் சொட்டியது.

கணவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் மறுபடி ஊற்றினாள்.