எந்த வலியும் அண்டாது

கோயம்புத்தூர் மருந்துக்கடைகளில் வலி மாத்திரை விற்பது நின்று ஒன்பது வருஷமாகிவிட்டது. காதுக்குப் பின்னால் மிளகளவு ஏவொலிக் கருவி இருக்கும்போது மாத்திரை எதற்கு? நோயாளி நம்பும் ஒருவர் தன் குரலில் ஒரு வாசகத்தைப் பதிந்து கொடுத்தால் போதும், கருவி அதை மூளைக்குள் ஓதிக்கொண்டே இருக்கும். வலி எங்கே, எவ்வளவு என்பது மூளைக்குத் தெரியும். அதற்காகத் துடிப்பது மட்டும் நின்றுவிடும். துடிக்கிற வேலையைப் பார்ப்பது மூளையின் உட்புறத்தில் வளையம்போல் இருக்கும் ஒரு பகுதி. ஏவொலி அதைத்தான் அடக்குகிறது.

இரும்பு வார்க்கும் பவுண்டரியில் நடந்த விபத்தில் முதுகெலும்பில் அடிபட்ட சென்னியப்பனுக்கு மனைவி துளசிமணிதான் குரல் கொடுத்தாள். ‘இந்த முதுகு வலி உங்களை அண்டாது’ என்பது ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த வாசகம். புருஷன் பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு அது போதவில்லை. கேட்பதுதான் கேட்கிறோம், கொஞ்சம் தாராளமாகவே கேட்போமே என்று ‘எந்த வலியும் உங்களை அண்டாது’ என்று மாற்றிப் பதிந்தாள். யாரும் சரிபார்க்கவில்லை.

சென்னியப்பன் எழுந்து நடந்தார். பத்து மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு துளசிமணிக்கு வயிற்றில் வலி வந்தது.

நாலைந்து தடவை புருஷனிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, சரி என்றார். சாப்பிடப் போய்விட்டார். அவளே தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வயிற்றுப் புற்றுக்கட்டி ஈரல்வரை பரவியிருந்தது.

மருத்துவர் ரெஹானா விளக்கினார். தன் வலிக்குத் துடிக்கும் அதே வளையம்தான் அடுத்தவர் வலிக்கும் துடிக்கிறது. ‘எந்த வலியும்’ என்றதில் துளசிமணியின் வலியும் சேர்ந்துவிட்டது. இனி கருவியைக் கழற்றினாலும் அந்த வளையம் விழிக்காது.

துளசிமணிக்கும் ஏவொலி வைத்தார்கள். யார் குரல் வேண்டும் என்று கேட்டதற்கு, “அவுரு குரலே போதுமுங்க” என்றாள். பைத்தியக்காரி, அப்போதும் அவரைத்தான் நம்பினாள். சென்னியப்பன் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்துக் கொடுத்தார்.

மூன்று நாளாகியும் வலி இம்மியும் குறையவில்லை. சொல்கிறவர் குரலில் தவிப்பு இருந்தால்தான் கேட்கிறவர் மூளை நம்பும் என்றார் ரெஹானா. தன் குரலையும் பதிந்து பார்த்தார். பழகாத குரல் என்று துளசிமணியின் மூளை அதை ஏற்கவில்லை. அவள் நம்பும் வேறு குரலும் இல்லை, மாத்திரையும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் சென்னியப்பன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, தாங்க முடியலீங்க.”

“தெரியுது துளசி. வலது பக்கம், விலாவுக்குக் கீழ. நேத்தைக் காட்டிலும் இன்னைக்கு ஜாஸ்தி.”

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பத்து மாதத்துக்கும் மேலாக அவர் மூளை கேட்டுப் பழகிய குரல் அது. அவள் முனக முனக, அவருக்கு முதுகு இதமாக இருந்தது.