வாலு கட்டிய வீடு

சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா முணுமுணுத்தார்: "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க தம்பி. பூட்டின ரூம்ல மூணு மாசமா ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு."

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். மேஜைக்கு அடியில், திரையில்லாத பழைய கம்ப்யூட்டர். இந்த ரூமில் குடியிருந்த தங்கை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், கல் கல்லாக அடுக்கி வீடு கட்டும் ஒரு கேமின் சர்வரை அதில் ஓடவிட்டுப் போனாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"பின்னணியில போட்டிருக்கேண்ணா, நான் லாக் அவுட் பண்ணாலும் நிக்காது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே போன்ல உனக்கு ஒரு வீடு கட்டுறேன். ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாரேன்."

வேலை வேலை என்று அவன் போகவேயில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் இன்றாவது அந்த வீட்டைப் பார்த்துவிட வேண்டும்.

அறையில் புழுக்கமும், சூடேறிய தூசியின் வாடையும். லேப்டாப்பை இணைத்து, சர்வருக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான்.

ஒருவர்.

வாலு.

நுழைந்த இடம்: இதே அறை, இதே கம்ப்யூட்டர்.

முதுகு சில்லிட்டது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவள் பெயரில் எந்தப் படுபாவி விளையாடுகிறான்? பத்து வருஷமாக அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். அடங்காத புரோகிராமைக் கேள்வி கேட்காமல் கொன்று பழகிய கை. கில், மைனஸ் ஒன்பது: நொடி அவகாசம் தராமல் கொல்லும் கட்டளை. எண்டர்.

மேஜைக்கு அடியில் சத்தம் அடங்கியது.

அப்புறம்தான் செட்டிங்ஸைத் திறந்தான், புத்திசாலி. அதில் அவள் குறிப்பு: 'டிஸ்க் பாவம், ரொம்பப் பழசு. சர்வரை ஒழுங்கா நிறுத்தும்போது மட்டும்தான் சேவ் ஆகும்.'

ஒழுங்காக நிறுத்தவில்லையே! மூன்று மாதமாக டிஸ்கில் ஏறாமல் மெமரியில் மட்டும் நின்றிருந்த வீட்டை ஒரே அடியில் அழித்துவிட்டான்.

"ஐயோ, வாலு..."

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இருந்த ஒரே தங்கையை இரண்டாம் முறை பறிகொடுத்தவன் வேறென்ன செய்வான்?

மனசு கேட்காமல் சர்வரை மறுபடி ஓடவிட்டு, முதன்முதலாக உள்ளே போனான். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி.

டொக்.

எதிரே ஒரு கல் வந்து உட்கார்ந்தது.

டொக். பக்கத்தில் இன்னொன்று.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான். கற்கள் நிற்கவில்லை. திரையின் அடியில் ஒரு வரி எழுந்தது.

'அழாதண்ணா. வந்துட்டல்ல, அது போதும். மறுபடி கட்டிடலாம்.'

திரையில் அவனைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எழும்பியது. வாசலுக்கு அவள் இடம் விடவில்லை. அவனும் கேட்கவில்லை.