அறுபதும் பச்சை!

ட்ரிங்... ட்ரிங்...

லாட்ஜ் கவுன்டரில் போன் அலறியது.

மணிமொழியின் கை ரிசீவரை நோக்கி நகர்ந்தது.

"எடுக்காத!"

கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

கத்தி!

பின்னால் நின்றவன் ரிசீவரின் சுருள் ஒயரை ஒரே இழுப்பில் அறுத்தான். அவளுடைய செல்போனைப் பிடுங்கித் தன் கறுப்புச் சட்டைப் பையில் போட்டான். ஷட்டரை வரும்போதே இறக்கிவிட்டிருந்தான்.

"எம் பேரு தருமன். கேள்விப்பட்டிருப்ப."

கேள்விப்பட்டிருந்தாள்! செங்கம் ரோட்டில் பட்டப்பகலில் ஒரு கடைக்காரரை வெட்டிச் சாய்த்தவன். ஜாமீனில் வெளியே வந்தவன்.

"ஆஃப்ஷீன்னு ஒரு பொண்ணு. நான் வெட்டுனதப் பாத்தவ. நாளைக்குக் கோர்ட்ல சாட்சி சொல்லப்போறா. உங்க மொதலாளி சக்கரவர்த்திதான் ஒளிச்சு வச்சிருக்காரு. அந்தாளுக்கு மூணு லாட்ஜு. சொல்லு... எந்த லாட்ஜு? எந்த ரூமு?"

மாடிப்படிப் பக்கம் போன பார்வையை மணிமொழி சட்டென்று திருப்பினாள்.

ஆஃப்ஷீன் இருப்பது இதே லாட்ஜில். மாடியில், பன்னிரண்டாம் அறையில்!

இன்று பௌர்ணமி. தங்கியிருந்தவர்கள் எல்லோரும் கிரிவலம் கிளம்பிவிட்டார்கள். கத்தினாலும் கேட்க நாதியில்லை.

"தெ... தெரியாதுங்க."

"அப்ப அந்தப் பொட்டியில பாரு! வேற எதனா தட்டுன... அவ்ளோதான்!"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

ட்ரிங்... ட்ரிங்...

ஒயர் அறுந்தும் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது!

அவள் மூளையில் பொறி தட்டியது. அவன் அறுத்தது ரிசீவர் ஒயரை மட்டும்தான். சுவரிலிருந்து வரும் லைன் உயிரோடு இருக்கிறது. இன்டர்நெட் வருவதும் அதே லைனில்தான்!

திரையில் அறுபது சிவப்புக் கட்டங்கள். எல்லா ரூமும் ஃபுல்!

"இன்னாது இது, செகப்பு செகப்பா?"

"மூணு லாட்ஜு ரூமுங்களும் சார். முன்னாடி இருந்த சாஃப்ட்வேரு அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே அடைஞ்சு கெடக்கும். பஸ் ஸ்டாண்ட் கவுன்டர்ல குடுத்த ரூமயே நானும் இங்க இன்னொருத்தருக்குக் குடுத்துடுவேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடிதடி! இப்ப எல்லாம் இன்டர்நெட்ல ஒரே பக்கம். எங்க தொறந்தாலும்..."

"பாடம் நடத்தாத! அவ பேரத் தேடு!"

"பேர மாத்திப் போட்டிருப்பாங்க சார். எல்லா ரூமையும் ஒண்ணாத் தொறந்துதான் பாக்கணும்."

அறுபது கட்டங்களையும் தேர்ந்தெடுத்தாள். 'காலி' என்ற இடத்தில் அழுத்தினாள்.

கட்டங்கள் பச்சையாயின!

"இன்னா பச்ச?"

"பச்சன்னா... ரூம்ல ஆள் இருக்காங்கன்னு..."

தருமனின் கண்கள் சுருங்கின.

"ஊரே மலை சுத்தப் போயிருக்கு. அறுபது ரூம்லயும் எப்படிடி ஆள் இருக்கும்?"



அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

டப்! திரை கறுத்தது.

"எவனுக்கோ சேதி சொல்றியா? இப்ப எல்லாம் அழிஞ்சுது பாரு!"

அழிந்ததா?

இந்தப் பெட்டி வெறும் ஜன்னல். ஜன்னலைச் சாத்தினால் தெரு மறைந்துவிடாது. மாற்றம் சென்னையில் இருக்கும் சர்வருக்குப் போயிருந்தால், எல்லாத் திரையிலும் பச்சை பச்சைதான். அதற்குள் பிளக் போயிருந்தால்?

"மேல நட! ஒவ்வொரு கதவாத் தட்டு!"

படிகளில் தள்ளிக்கொண்டு போனான். முதல் கதவு... பூட்டு. அடுத்தது... பூட்டு.

பன்னிரண்டு.

பூட்டு இல்லை!

தட்டினான்.

"யாரு? மணிமொழிக்காவா?"

உள்ளிருந்து ஆஃப்ஷீன்!

தருமன் சிரித்தான். கத்தியை ஓங்கினான். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது...

"தொறக்காத!" என்று வீறிட்டாள் மணிமொழி.

அதே நொடி...

தடார்!

கீழே ஷட்டர் மேலேறியது. தடதடவென்று படிகளில் காலடிகள்! பைகள், பாய்கள், குழந்தைகள்... மூட்டையும் முடிச்சுமாக ஒரு திருவிழாவே மாடியேறியது!

முன்னால் ஆட்டோக்காரன் காசி.

"யக்கா! பஸ் ஸ்டாண்ட் கவுன்டர்ல அறுபதும் பச்சன்னு காட்டுது! மெய்யாவா?"

"இந்த ரூமு எங்களுக்கு!"

"யோவ், கறுப்புச் சட்ட! நீ எப்பய்யா பூந்த? க்யூல வா!"

தருமன் இறங்கப் பார்த்தான். பௌர்ணமியன்று ரூமுக்கு நிற்பவர்கள் யாருக்காவது வழிவிடுவார்களா? ஒரு பெரிய மூட்டை அவன் மணிக்கட்டில் மோதியது. கத்தி கணீரென்று தரையில் விழுந்தது.

"புடிங்க! கொலகாரன்!" என்று கத்தினாள் மணிமொழி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இரண்டு காக்கிச் சட்டைகள் வந்தன. ஏட்டு ஆதிமூலம் அக்குளில் பாயோடு பாய்ந்து தருமனைச் சுவரோடு அழுத்தினார். கூட இருந்த கான்ஸ்டபிள் கத்தியை எடுத்துக்கொண்டார்.

மணிமொழி ஏட்டிடம் திரும்பினாள்.

"சார்... உங்களுக்கு யாரு சார் போன் பண்ணாங்க?"

"போனா? நாங்க வேலூர்லேர்ந்து பந்தோபஸ்துக்கு வந்தவங்கம்மா. படுக்க எடமில்ல. ரூமு காலின்னாங்க, ஓடியாந்தோம். அப்ப... ஒண்ணு கூடக் காலி இல்லியா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஆதிமூலம் பெருமூச்சுடன் தருமனின் சட்டைக் காலரை இறுக்கினார்.

"அதிர்ஷ்டக்காரன்டா நீ! பௌர்ணமியன்னிக்கு இந்த ஊர்ல ரூமு கன்ஃபர்ம் ஆனது உனக்கு மட்டுந்தான்... செக் அவுட் டைம் கூடக் கெடையாது!"