நாலாயிரம் வண்டிக்கு ஒரே ஓட்டுநர்

“காப்பீடு ஓட்டுநருக்குத்தான், வண்டிக்கு அல்ல” என்று காப்பீட்டு நிறுவனத்தின் பதிலி அலைபேசியில் ஏழாவது முறையாகச் சொன்னது. அதற்கென்ன, இயந்திரம், அலுப்பே வராது. வைஜெயந்திக்குத்தான் ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

அவள் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் செவிலி. வண்டியை ஓட்டுவதெல்லாம் உள்ளே இருக்கும் தானோட்டி. முந்தாநாள் அது நேராகப் போய் மேம்பாலத் தூணில் முட்டி, முன்பக்கத்தை நொறுக்கிக்கொண்டது. அவள் பிரசவம் பார்க்கவேண்டிய ரெஜினாவுக்கோ இந்த வாரமே நாள் குறித்திருந்தார்கள்.

“வண்டி என் பேர்லதானுங்க இருக்குது? அப்ப ஓட்டுநர் நான்தானே?”

“உரிமையாளர் நீங்கள். ஓட்டுநர் சந்திரமௌலி குருக்கள். ஸ்டியரிங்கில் முதலில் கை வைத்தவரையே தானோட்டி ஓட்டுநராகப் பதிந்துகொள்ளும். இழப்பீட்டை அவர்தான் கேட்க வேண்டும்.”

வைஜெயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். புது வண்டிக்குப் பூசை போட்ட அன்று, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, பாதையில் ஏதோ கிடக்கிறதென்று தானோட்டி ஓர் அங்குலம்கூட நகர மறுத்தது. குருக்கள்தான் உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழத்தை நசுக்கிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் பாதிப் பேர் அவரிடம்தான் பூசை போடுகிறார்கள்.

கோயிலுக்கு ஓடினாள்.

“எனக்கு சைக்கிளே விடத் தெரியாதேம்மா!” என்று குருக்கள் பதறினார். “கைரேகை வெச்சா எனக்கு ஏதும் வந்துடாதே?”

“உங்களுக்கு என்னங்க சாமி வரப்போகுது? உங்ககிட்ட வண்டியே இல்லையே!”

அவள் நீட்டிய அலைபேசியில் அவர் விபூதி படிந்த விரலை அழுத்தினார். இழப்பீடு ஏற்கப்பட்டது. ஓட்டுநராக அவர் பேரையே போட்டுக்கொண்டு வாசலுக்கே மாற்று வண்டியும் வந்தது. அதேநேரம் ரெஜினாவிடமிருந்து அழைப்பு: “அக்கா, வலி எடுத்துருச்சு. சீக்கிரம் வாங்க!”

பாதி வழியில் வண்டி நின்றது. முன்னால், பின்னால், எதிர்ச்சாரியில் எல்லாமே நின்றன. வண்டிக்குள் பதிலியின் குரல் கேட்டது:

“ஓர் ஓட்டுநருக்கு ஆண்டுக்கு மூன்று விபத்துகளே அனுமதி. சந்திரமௌலி குருக்களின் மூன்றாவது விபத்து சற்றுமுன் பதிவானது. அவர் ஓட்டும் நாலாயிரத்து இருநூறு வண்டிகளும் நிறுத்தப்படுகின்றன.”

கதவுகள் திறந்தன. சாலை முழுக்க மனிதர்கள் இறங்கி நின்று கத்தினார்கள்.

“எந்த மகராசி இப்ப போய்க் கேஸ் குடுத்துத் தொலைச்சாளோ!” என்று பக்கத்து வண்டிக்காரர் அவளிடமே பொரிந்து தள்ளினார்.

வைஜெயந்தி செருப்பைக் கழற்றிப் பிரசவப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். ரெஜினா வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.